பின்பால் பெட்டிக்குள் கண்சிமிட்டும் பல்புகள்

1960களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் செய்யப்பட்ட ஒரு பின்பால் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கினால், அதன் தலைப்பக்கத்தில் நிற்கும் கண்ணாடி ஓவியத்துக்குப் பின்னால் வரிசையாகப் பல்புகள் எரியும். சில விநாடிகள் எல்லாம் ஒரே சீராக எரியும். பிறகு அவற்றில் நாலைந்து மட்டும் மினுக்கத் தொடங்கும். ஒன்று அணைகையில் மற்றொன்று எரியும். இரண்டு பல்புகள் சிறிது நேரம் சேர்ந்தே துடித்துவிட்டு மெல்லப் பிரிந்துபோகும். இந்த மினுக்கலில் ஒழுங்கும் இல்லை, குழப்பமும் இல்லை. பெட்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே கணினி கிடையாது, சில்லு கிடையாது, ஒரு டிரான்சிஸ்டர்கூடக் கிடையாது. அப்படியானால் எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று அந்தப் பல்புகளுக்குச் சொல்வது யார்?

பின்பால் இயந்திரத்தை நேரில் பார்க்காதவர்களும் அதன் சாயலை அறிந்திருப்பார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளில் இலவசமாக வந்த ‘ஸ்பேஸ் கேடட்’ விளையாட்டு இதன் திரை வடிவம்தான். சாய்ந்த பலகை ஒன்றில் எஃகுக் குண்டு உருண்டு வரும். கீழே விழவிடாமல் இரு துடுப்புகளால் அதை மேலே தட்டிவிட வேண்டும். குண்டு மோதும் இடத்தைப் பொறுத்துப் புள்ளிகள் ஏறும். துடுப்பு முதன்முதலில் வந்தது 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ இயந்திரத்தில். மின்சாரம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கான்டாக்ட்’, குழியில் விழுந்த குண்டை உலர் மின்கலத்தின் உதவியால் உதைத்து வெளியே தள்ளியது. மின்சாரம் வந்த பின் விளக்கும் வந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இந்த இயந்திரங்களின் விளக்குக் கலை முழுவதும் ஒரே ஒரு பொருளைச் சார்ந்திருந்தது. சூடேறினால் ஒளிரும் ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பிதான் அது.

இரண்டு மின்வழிகள்

பழைய பெட்டியின் அடியில் கனமான மின்மாற்றி ஒன்று இருக்கும். சுவரிலிருந்து வரும் அமெரிக்க 120 வோல்ட் மின்சாரத்தை அது இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரு வழி துடுப்புகளையும் மோதுகட்டைகளையும் இயக்கும் காயில்களுக்குப் போகிறது. அதன் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; 24 வோல்ட்டும் உண்டு, 50 வோல்ட்டும் உண்டு. இன்னொரு வழி விளக்குகளுக்கானது. அது ஏறக்குறைய 6 வோல்ட்.

இந்த 6 வோல்ட் வழியில் தொங்கும் பல்புகள் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறியவை. அடிப்பகுதியின் இரு பக்கமும் சிறு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஹோல்டரில் வைத்து அழுத்தித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். வீட்டில் மாட்டும் பழைய குண்டு பல்பும் இதே வகைப் பிடியுடையதுதான். பழுது பார்ப்பவர்கள் இவற்றை எண்ணால்தான் அழைப்பார்கள். 44ஆம் எண் பல்பு 6.3 வோல்ட்டில் கால் ஆம்பியர் எடுக்கும். அதாவது ஒன்றரை வாட்டுக்குச் சற்று அதிகம். 47ஆம் எண் அதே வோல்ட்டில் 0.15 ஆம்பியரோடு நின்றுவிடும். ஒரு வாட்டுக்கும் குறைவு. ஒளி கொஞ்சம் மங்கல், ஆனால் சூடும் குறைவு. கண்ணாடிக்குப் பின்னால் டஜன் கணக்கில் பல்புகள் மணிக்கணக்காக எரியும்போது இந்த வேறுபாடு பெரிதாகிவிடும். கண்ணாடியின் பின்புறம் அச்சிட்ட வண்ணம் ஆண்டுக்கணக்கில் சூடுபட்டுச் சூடுபட்டுச் செதில் செதிலாக உரிந்துபோன இயந்திரங்கள் ஏராளம்.

44உம் 47உம் சும்மா எரிபவை, தாமாக மினுக்காதவை. மினுக்குவது அவற்றுக்கு நடுவே மாட்டியிருக்கும் 455ஆம் எண் பல்பு.

தானே அணைந்து தானே எரியும் பல்பு

455ஐக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். சாதாரணப் பல்பில் இரண்டு தாங்கு கம்பிகளும் அவற்றுக்கிடையே இழையும் மட்டுமே இருக்கும். 455இல் இழைக்கு அருகே தட்டையான சிறு உலோகப் பட்டை ஒன்றும் நிற்கும். அது ஈருலோகப் பட்டை. சூட்டில் வெவ்வேறு அளவில் நீளும் இரண்டு உலோகத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டிச் செய்தது. சூடேறினால் ஒரு தகடு மற்றதைவிட அதிகமாக நீளப் பார்க்கும். ஒட்டியிருப்பதால் தனியே நீள முடியாது. எனவே பட்டை முழுதும் குறைவாக நீளும் தகட்டின் பக்கமாக வளைகிறது. ஆறினால் மீண்டும் நிமிர்ந்துவிடும். சூடு மிஞ்சியதும் தானே அணைந்துகொள்ளும் இஸ்திரிப் பெட்டிக்குள் இருப்பதும் இதே பட்டைதான்.

பல்புக்குள் மின்சாரம் இந்தப் பட்டையின் வழியாகத்தான் இழைக்குப் போக வேண்டும். குளிர்ந்த நிலையில் பட்டை ஒரு தொடுமுனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் இழை எரிகிறது. இழையின் சூடு பட்டைக்கு ஏறுகிறது. பட்டை வளைந்து தொடுமுனையை விட்டு விலகுகிறது. மின்சாரம் அறுந்து இழை அணைகிறது. சூடு தருவதற்கு ஆள் இல்லாததால் பட்டை ஆறுகிறது, நிமிர்கிறது, மறுபடி தொடுகிறது. இழை எரிகிறது. பல்பு தன் சூட்டாலேயே தன்னை அணைத்துக்கொள்கிறது. தான் ஆறுவதாலேயே தன்னை ஏற்றிக்கொள்கிறது. இந்தச் சுழற்சிக்கு வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் தேவையில்லை.

தொடக்கத்தில் சில விநாடிகள் மினுக்காமல் எரிவதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. அறை வெப்பநிலையிலிருந்து வளையும் நிலைக்குப் பட்டை சூடேற நேரம் பிடிக்கும். ஒருமுறை விலகிய பின் அது முழுதாக ஆறுவதில்லை. தொடுமுனையை எட்டும் அளவுக்குச் சற்றே ஆறினால் போதும். அதனால் முதல் காத்திருப்பு நீளமாகவும் அடுத்தடுத்த துடிப்புகள் விரைவாகவும் அமைகின்றன.

இரண்டு பல்புகள் ஒரே தாளத்தில் துடிப்பதில்லை. பட்டையின் தடிப்பிலும், தொடுமுனை அழுத்தத்திலும், இழைக்கும் பட்டைக்கும் உள்ள இடைவெளியிலும் பல்புக்குப் பல்பு நுண்ணிய வேறுபாடு இருக்கும். அருகிலுள்ள பல்பின் சூடும் கணக்கில் சேரும். ஒரு பல்பு விநாடிக்கு ஒருமுறையும் இன்னொன்று 1.1 விநாடிக்கு ஒருமுறையும் துடிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் ஐந்தரை விநாடியில் நேர் எதிரெதிராகிவிடும். பதினோராவது விநாடியில் முதல் பல்பு பதினோராவது துடிப்பிலும் மற்றது பத்தாவது துடிப்பிலும் இருக்கும். அப்போது மறுபடி சேரும். இப்படி ஐந்து பல்புகள் ஐந்து தாளங்களில் ஓடினால் ஒரே கோலம் திரும்ப வருவதைப் பார்ப்பது அரிது. ஓவியத்தில் வானவேடிக்கையோ நகரத்து இரவோ வரைந்திருந்தால், அதன் பின்னால் எந்தெந்த இடத்தில் 455ஐ மாட்டுவது என்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. மற்றதை உற்பத்தியின் சிறு பிசிறுகள் பார்த்துக்கொண்டன. ஒழுங்கின்மையைத் திட்டமிட்டுச் செய்ய எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று யோசித்தால் இது அற்புதமான சிக்கனம்.

காலப்போக்கில் தொடுமுனை தீய்ந்துபோகும். முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பல்பு மினுக்காமல் நின்று எரியும். தொடாமலே போனால் இழை அறாத நிலையிலேயே பல்பு இருண்டுவிடும்.

மோட்டாரும் ரிலேயும்

455 அழகுக்கானது. ஆட்டத்தின் போக்கில் எரிந்து அணைய வேண்டிய விளக்குகளுக்கு அது உதவாது. ‘இந்த வழியில் போனால் இப்போது 500 புள்ளி’ என்று காட்டும் பல்பு சரியான நேரத்தில் எரிய வேண்டும், சரியான நேரத்தில் அணையவும் வேண்டும். அந்த வேலையைச் செய்தவை ரிலேக்களும் படிச்சக்கரங்களும் புள்ளி மோட்டாரும்.

ரிலே என்பது மின்காந்தத்தால் இழுபடும் சுவிட்சுக் கொத்து. படிச்சக்கரம் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு பல் நகரும். நகரும்போது அதன் செப்பு விரல்கள் வெவ்வேறு முனைகளைத் தொட்டு வெவ்வேறு பல்புகளை ஏற்றும். புள்ளி மோட்டார் மெதுவாகச் சுழலும் ஒரு தண்டு. அதன் மேடுபள்ளமான தட்டுகள் வரிசைக்கிரமமாகச் சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே போகும். காட்லீப் இயந்திரங்களில் அது மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் ஐந்து துடிப்புகள் பிறக்கும். 50 புள்ளி என்றால் பத்துப் பத்தாக ஐந்து தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் புள்ளியைக் காட்டும் எண் உருளை நகரும், மணி அடிக்கும், தொடர்புடைய விளக்குகளும் மாறும். எண் உருளைகள் பரவுவதற்கு முன், 1940களின் இயந்திரங்களில் புள்ளிக் கணக்கே விளக்குகளால்தான் காட்டப்பட்டது. கண்ணாடியில் அச்சிட்ட எண்களுக்குப் பின்னால் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஏறும்.

வலது வழியில் இருக்கும் பரிசு விளக்கு, பத்துப் புள்ளி எடுத்ததும் இடது வழிக்குத் தாவும். மறுபடி பத்து எடுத்தால் திரும்ப வரும். பல இயந்திரங்களில் இருந்த இந்த எளிய ஏற்பாட்டுக்கு ஒற்றை ரிலே போதும். ஆட்டக்காரருக்கோ அது தீராத பதற்றம். குண்டு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கத்து விளக்கு அப்போது எரிந்தாக வேண்டும்.

இழையின் மெத்தனம்

டங்ஸ்டன் இழை வேகமான பொருள் அன்று. முழு ஒளி தர அது 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். மின்சாரம் பாய்ந்த உடனே அந்தச் சூடு வந்துவிடாது. நின்ற உடனே போய்விடவும் செய்யாது. மின்சாரம் அறுந்த இழை வெளிர் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளாகி, சிவந்து, பிறகே மறையும். சூடான பொருள் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 525 டிகிரி. எனவே இருண்டுவிட்டதாகத் தோன்றும் இழைகூட இன்னும் நூற்றுக்கணக்கான டிகிரிச் சூட்டில் இருக்கலாம். சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கும் இந்தக் குணத்தை வெப்ப மந்தம் எனலாம்.

வீட்டு மின்சாரம் சீராகப் பாய்வதில்லை. அமெரிக்காவில் அது விநாடிக்கு 60 சுற்று அலைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, ஆக விநாடிக்கு 120 முறை, ஒன்றுமில்லாத நிலையைத் தொட்டுப் போகிறது. அந்த 120 இடைவெளிகளையும் கண் காண்பதில்லை. அவ்வளவு குறுகிய நேரத்தில் இழை ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது.

இந்த மெத்தனம் ஒரு குறைபாடு போலத் தெரியும். ஆனால் 1970களின் பிற்பாதியில் பின்பாலுக்குள் கணினி நுழைந்தபோது, பொறியாளர்கள் இதையே அடித்தளமாக வைத்துப் புதிய விளக்கு அமைப்பைக் கட்டினார்கள்.

கணினி வந்தது

1977 வாக்கில் பாலி, வில்லியம்ஸ், காட்லீப் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ரிலேக்களை விட்டு நுண்செயலிக்கு மாறத் தொடங்கிவிட்டன. ஆட்டப் பலகையில் 60 விளக்குகள் இருந்தால், எது எப்போது எரிய வேண்டும் என்பதை இனி ஒரு நிரல் தீர்மானிக்கும். ஆனால் நுண்செயலியின் கால் ஒவ்வொன்றும் மிக மெல்லிய மின்சாரமே தரும். பல்பை ஏற்ற அது போதாது. இடையில் வலிமையான மின்சுவிட்சுகள் வேண்டும். அவற்றை எப்படி அமைப்பது என்பதில் பாலியும் வில்லியம்சும் வேறு வேறு வழியில் போனார்கள்.

பாலி ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக ஒரு எஸ்.சி.ஆர் வைத்தது. இதை மின்தாழ்ப்பாள் என்று புரிந்துகொள்ளலாம். ஒருமுறை சிறு சைகை கொடுத்தால் திறந்துகொள்ளும். அதன் வழியே பாயும் மின்சாரம் முழுதாக நின்றால்தான் மூடிக்கொள்ளும். எனவே பாலியின் பொறியாளர்கள் விளக்கு மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பிவிட்டு, அலையைச் சமன்படுத்தாமல் விட்டார்கள். விநாடிக்கு 120 முறை அது தானே பூச்சியத்துக்கு இறங்கும்; எல்லாத் தாழ்ப்பாள்களும் மூடும். ஒவ்வொரு முறையும் எரிய வேண்டிய பல்புகளுக்கு மட்டும் கணினி மறுபடி சைகை கொடுக்கும். அணைக்க வேண்டிய பல்புக்குச் சைகை கொடுக்காமல் விட்டால் போதும், தனியாக ஒரு கட்டளை தேவையில்லை.

வில்லியம்சின் வழி இன்னும் சிக்கனமானது. இங்கே நின்று பார்க்க வேண்டியது அதைத்தான்.

64 பல்பு, 16 சுவிட்சு

ஒரு தாளில் எட்டு நெடுங்கோடுகளும் எட்டுக் கிடைக்கோடுகளும் வரைந்தால் அவை 64 இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெட்டுமிடத்திலும் ஒரு பல்பை வைத்து, அதன் ஒரு முனையை நெடுங்கோட்டுக் கம்பியோடும் மறுமுனையைக் கிடைக்கோட்டுக் கம்பியோடும் இணைத்தால் அது விளக்குக் கட்டம். மூன்றாவது நெடுங்கோட்டுக்கு மின்சாரம் கொடுத்து, ஐந்தாவது கிடைக்கோட்டைத் தரையோடு இணைத்தால் அந்தச் சந்திப்பிலுள்ள பல்பு மட்டும் எரியும். 64 சுவிட்சுக்குப் பதில் 16 போதும். கம்பிகளும் அதே விகிதத்தில் குறையும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் கோட்டில் ஐந்தாவதும், நான்காம் கோட்டில் இரண்டாவதும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும் என்றால், இரண்டு நெடுங்கோடுகளையும் இரண்டு கிடைக்கோடுகளையும் திறக்க வேண்டியிருக்கும். உடனே வேண்டாத இரு சந்திப்புகளிலும் பல்புகள் எரிந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒரு சமயத்தில் ஒரு நெடுங்கோட்டை மட்டும் திறப்பது. முதல் கோடு சுமார் 2 மில்லிவிநாடி, பிறகு அது மூடி இரண்டாவது, பிறகு மூன்றாவது. எட்டும் முடிய 16 மில்லிவிநாடி. பிறகு முதலிலிருந்து. விநாடிக்கு ஏறத்தாழ 60 சுற்று. மின்சாரம் வேண்டாத பல்புகளின் வழியே பின்னோக்கிச் சுற்றிப் போகாதபடி ஒவ்வொரு பல்போடும் ஒரு டயோடு, அதாவது ஒருவழிக் கதவு, சேர்க்கப்பட்டிருக்கும்.

ஆக, ‘விடாமல் எரிகிறது’ என்று ஆட்டக்காரர் காணும் பல்புக்கு உண்மையில் 16இல் 2 மில்லிவிநாடிதான் மின்சாரம் கிடைக்கிறது. மிச்ச 14 மில்லிவிநாடி அது பட்டினி. குயவர் கோலால் ஒரு உந்து உந்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள, சக்கரம் தானே சுற்றிக்கொண்டிருப்பது போன்றதுதான் இது. சக்கரத்தின் எடை ஓட்டத்தைக் காக்கிறது. இங்கே இழையின் வெப்ப மந்தம் ஒளியைக் காக்கிறது.

உந்து போதுமான வலிமையோடு இருக்க வேண்டும். 6.3 வோல்ட் பல்புக்கு அதே 6.3 வோல்ட்டை எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் கொடுத்தால் இழை சரியாகச் சூடாகாது. அதனால் வில்லியம்ஸ் இந்தக் கட்டத்துக்குக் கொடுத்தது 18 வோல்ட். இந்த எண் எங்கிருந்து வந்தது?

இழையில் பிறக்கும் சூடு, வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. வோல்ட் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. பல்பு 6.3 வோல்ட்டில் 16 மில்லிவிநாடியும் தொடர்ந்து எரிவதாகக் கொள்வோம். 6.3ஐ 6.3ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 39.7. அதை 16ஆல் பெருக்கினால் 635. இனி கட்டத்தின் கணக்கு. 18ஐ 18ஆல் பெருக்கினால் 324. மின்சாரம் கிடைப்பது 2 மில்லிவிநாடி மட்டும், ஆக 648. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வழியில் டயோடும் டிரான்சிஸ்டரும் சிறிது வோல்ட்டைத் தின்றுவிடுவதால் பல்புக்குப் போய்ச் சேருவது இதைவிடச் சற்றுக் குறைவு. அது பல்பின் ஆயுளுக்கு நல்லதே. சராசரியாகப் பார்த்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். 16 மில்லிவிநாடி என்ற இடைவெளியைச் சராசரியாக்கிக்கொள்ளும் அளவுக்கு இழை மெதுவானது என்பதால் செல்லுகிறது.

இனி கண்சிமிட்டுதல் எளிது. ஒரு பல்பைக் கால் விநாடி அணைத்து வைக்க வேண்டுமானால், அதன் சந்திப்பு வரும்போதெல்லாம் கிடைக்கோட்டைத் திறக்காமல் கணினி விட்டுவிட வேண்டும். கால் விநாடி என்பது 250 மில்லிவிநாடி. சுற்றுக்கு 16 வீதம் சுமார் 15 சுற்று. அடுத்த 15 சுற்று திறந்தால் பல்பு எரியும். பத்துப் பல்புகளை அடுத்தடுத்து இப்படித் தள்ளித் தள்ளித் திறந்தால் ஒளி பலகையின் மேல் ஓடுவது போலத் தெரியும். ஆட்டம் நடக்காத நேரத்தில், காசு போட யாராவது வருவார்களா என்று காத்திருக்கும் இயந்திரம் காட்டும் ஒளிக்கோலங்கள் எல்லாம் நினைவகத்திலுள்ள 64 ‘ஆம், இல்லை’ குறிகளை மாற்றிக்கொண்டே இருப்பதன் விளைவுதான்.

இந்தச் சிக்கனத்தில் ஒரு ஆபத்தும் பொதிந்திருக்கிறது. ஏதோ ஒரு நெடுங்கோட்டில் நிற்கும்போது கணினி உறைந்துவிட்டால் அந்தக் கோட்டின் பல்புகளுக்கு 18 வோல்ட்டும் விடாமல் பாயும். சூடு எட்டு மடங்கு. பல்புகள் கண்கூசும்படி எரிந்து தீய்ந்துவிடும். அதனால், நுண்செயலி உயிரோடிருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கும் காவல் சுற்று ஒன்றையும் வைத்தார்கள். நுண்செயலியின் துடிப்பு நின்றால் அது எல்லாச் சுவிட்சுகளையும் மூடிவிடும். ஒரே ஒரு வரிசைப் பல்புகள் மட்டும் மிதமிஞ்சி எரிந்தால், அந்தக் கோட்டின் டிரான்சிஸ்டர் பழுதாகி மூடாமல் நிற்கிறது என்று பழுது பார்ப்பவர் மீட்டர் வைக்காமலே சொல்லிவிடுவார்.

மின்னல் வேண்டும் என்றபோது

எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்கு மெத்தனம் நண்பன். பளீரென்று ஒரு மின்னல் வெட்ட வேண்டுமானால் அதுவே எதிரி. 44ஆம் எண் பல்பு முழு ஒளிக்கு வருவதற்குள் அந்தக் கணம் போய்விடும்.

1979இல் ஸ்டீவ் ரிட்சி வடிவமைத்து வில்லியம்ஸ் வெளியிட்ட ‘ஃபிளாஷ்’, பெயருக்கேற்ப மின்னல் பல்புகளைப் பின்பாலுக்குக் கொண்டுவந்தது. இந்த வகையில் பரவலாகப் பயன்பட்ட 89ஆம் எண் பல்பு 13 வோல்ட்டில் 0.58 ஆம்பியர் எடுக்கும். ஏறக்குறைய ஏழரை வாட். 44ஐப்போல் ஐந்து மடங்கு. தொடர்ந்து எரிய விடுவதற்கல்ல, விநாடியின் ஒரு சிறு பங்கு மட்டும் எரிய. பிற்கால வில்லியம்ஸ் இயந்திரங்களில் இந்த 13 வோல்ட் பல்புகளுக்கு 20 வோல்ட் கொடுக்கப்பட்டது. அதிக அழுத்தம் இழையை விரைந்து சூடாக்கும். இழை கெடுவதற்குள் மின்சாரம் நின்றுவிடும். அந்த மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு பழுதாகித் திறந்தே நின்றால் பல்பு நெடுநேரம் தாங்காது.

இன்னொரு தந்திரமும் இருந்தது. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, எரியும் நிலையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால் குளிர்ந்த இழைக்குள் முதல் கணத்தில் மின்சாரம் வெள்ளமாகப் பாயும். இழைக்கும் சுவிட்சுக்கும் அது அடி. 1980களின் வில்லியம்ஸ் இயந்திரங்களில் சுவிட்சுக்கு இணையாக ஒரு மின்தடையை வைத்து, மின்னல் பல்பின் வழியே எப்போதும் சிறிதளவு மின்சாரம் கசியவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி வராது. ஆனால் இழை வெதுவெதுப்பாகக் காத்திருக்கும். சைகை வந்ததும் பளீரென்று எழும். முதல் வெள்ளமும் அடங்கும். கண்ணுக்கு எட்டாத இந்த ஏற்பாடு பின்பால் பொறியியலின் நேர்த்தியான தீர்வுகளில் ஒன்று.

கண் எதைக் கவனிக்கிறது

ஆட்டக்காரரின் பார்வை குண்டின் மேல்தான் நிற்கும். விளக்குகளைப் பெரும்பாலும் ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். விழியின் ஓரப்பகுதி எழுத்தைப் படிக்கவோ வண்ணத்தைப் பிரித்தறியவோ தேர்ச்சியற்றது. மாற்றத்தை, அதாவது அசைவையும் துடிப்பையும், அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சீராக எரியும் விளக்கைவிடக் கண்சிமிட்டும் விளக்கு அங்கே உரத்துப் பேசுகிறது. ‘இப்போது இங்கே அடி’ என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

ரிட்சியின் 1986ஆம் ஆண்டு ‘ஹை ஸ்பீடு’ இதை ஒரு கதையாகவே ஆக்கியது. ஆட்டப் பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு போக்குவரத்து விளக்கு. இலக்குகளை அடிக்க அடிக்க அது பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறும். சிவப்பு வந்ததும் சரிவுப்பாதையில் குண்டை ஏற்றிச் சிக்னலை மீறிப் பாய வேண்டும். பெட்டியின் உச்சியில் போலீஸ் வண்டியின் சுழல்விளக்கு சுற்றத் தொடங்கும். விதிகளை எழுதிவைத்த அட்டையைப் படிக்காதவருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளக்குகளே சொல்லிவிடும்.

எல்.ஈ.டி மாட்டினால்

பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் இன்று பல்புகளுக்குப் பதில் எல்.ஈ.டி மாட்டுகிறார்கள். மின்சாரம் மிச்சம், கண்ணாடி ஓவியத்துக்குச் சூடு கிடையாது, அடிக்கடி மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் எல்.ஈ.டிக்கு வெப்ப மந்தம் என்பது அறவே கிடையாது. மின்சாரம் வந்த கணம் எரியும், நின்ற கணம் அணையும். இழை இத்தனை காலம் மூடி மறைத்து வந்ததெல்லாம் வெளியே தெரிந்துவிடும்.

6 வோல்ட் அலைமின்சாரத்தில் மாட்டிய எளிய எல்.ஈ.டி அலையின் ஒரு பாதியில் மட்டும் எரிந்து, விநாடிக்கு 60 முறை துடிக்கும். ஓடும் எஃகுக் குண்டின் மேல் அந்தத் துடிப்பு புள்ளி புள்ளியாகத் தெரியும். விளக்குக் கட்டத்தில், ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது எஞ்சும் சொற்ப மின்சாரம் இழையைச் சூடாக்காது, எல்.ஈ.டியையோ மங்கலாக ஏற்றிவிடும். அணைந்திருக்க வேண்டிய விளக்கு ஆவிபோல ஒளிரும். பாலியின் மின்தாழ்ப்பாளுக்கு வேறு சிக்கல். அது திறந்தே இருக்கக் குறைந்தபட்ச மின்சாரம் பாய வேண்டும். எல்.ஈ.டி அவ்வளவு எடுப்பதில்லை. தாழ்ப்பாள் தன் விருப்பத்துக்கு மூடிக்கொள்ள, விளக்கு நடுங்கும். பக்கத்தில் ஒரு மின்தடையை இணைத்து மின்சாரத்தை வீணாக்கினால்தான் சீராகும். மங்கி மறையும் செம்மஞ்சள் ஒளி மட்டும் எந்த எளிய எல்.ஈ.டியாலும் வருவதில்லை. 455 இருந்த இடத்தில் சாதாரண எல்.ஈ.டியை மாட்டினால் அங்கே மினுக்கலே நின்றுபோகும்.

பழைய இயந்திரத்தில் விளக்கு கண்சிமிட்டினால் அது வடிவமைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐம்பது ஆண்டு பழைய ஹோல்டர்களில் துரு ஏறி, துடுப்பு அடிக்கும் அதிர்ச்சிக்கெல்லாம் பல்பு விட்டுவிட்டு எரிவதுண்டு. பல்பை மெல்லத் திருகினால் ஒளி மாறுகிறதா என்று பார்த்தால் போதும். மாறினால் குற்றம் ஹோல்டரில்.

இத்தகைய இயந்திரத்தைச் சீர்ப்படுத்த முனைபவர் எல்லாப் பல்பையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடி ஓவியத்துக்குப் பின்னால் 44ஐ எடுத்துவிட்டு, சூடு குறைந்த 47ஐ மாட்டலாம். வண்ணம் ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் எல்.ஈ.டி பொருந்தும். முதலில் 455 இருந்த இடங்களில் 455ஐயே போடுவதுதான் சரி. பின்பால் உதிரிபாகம் விற்பவர்களிடம் அது இன்றும் கிடைக்கிறது.